கரைக்கும் மூடாக்கு வேண்டும்

வைகாசி பிறந்தால் நம்ம பக்கத்தில் மழைச் சத்தத்துக்கு முன்னாடி ஜேசிபி சத்தம்தான் கேட்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிடுவார்கள், அதற்குள் தூர்வாரி முடிக்கணும் என்று அவசரம். போன வருசம் எங்கள் ஊர் வாய்க்காலிலும் அப்படித்தான் நடந்தது. அடிமட்டத்தில் மண்டிக்கிடந்த ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் போனது. சந்தோசம்தான். கூடவே கரையில் இருந்த நாணல், நொச்சி, அருகம்புல், நிழலுக்கு நின்ற ரெண்டு புங்கமரம் எல்லாத்தையும் வழித்து எடுத்துவிட்டார்கள். வாரிய சேற்றைக் கரை விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய எங்கள் பெரியப்பா கரையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூர எடுத்தது சரிதான்டா தம்பி. கரையை எதுக்கு மொட்டை அடிச்சீங்க? ஐப்பசியில பாரு."

ஐப்பசியில் பார்த்தோம். நாலு நாள் அடைமழை. குவித்த சேறும் மொட்டைக் கரையும் சேர்ந்து வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிவிட்டன. கார்த்திகையில் எங்கள் கடைசி மதகுக்கு முன்னால் முழங்கால் அளவு சேறு. வைகாசியில் வெளியே போன மண் ஆறு மாசத்தில் திரும்பி வந்துவிட்டது.

கடைமடைக்காரர்களான நமக்கு இது சின்ன விசயமில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டு கடலுக்குப் போனபோது, பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கம் ஏரிகள் காய்ந்து கிடந்ததை யாரும் மறக்கவில்லை. கல்லணைக் கால்வாயை, நம்ம புது ஆற்றை, நம்பியிருக்கிற நமக்குத் தலைப்பில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பது பாதிக் கதைதான். திறந்த தண்ணீர் வழியில் எதில் மாட்டுகிறது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் ஆற்றோரச் செடிகொடிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கெடுப்பதிலும் இருக்கிறது, காப்பதிலும் இருக்கிறது. எது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீர் மண்ணை எப்போது இறக்கிவைக்கிறது?

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாய்க்காலின் அடியிலிருந்து ரெண்டு கை சேறு எடுங்கள். ஒரு சாண் உயரமுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் அரை நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். மாவு மாதிரியான நடுத்தர வண்டல் உட்கார அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். மிகச் சன்னமான களி ரெண்டு மூன்று நாள் ஆனாலும் கலங்கலாகவே நிற்கும்.

இது அசையாத தண்ணீரில். ஓடும் தண்ணீரில் சுழற்சி இருப்பதால் மண்ணைத் தூக்கிக்கொண்டே போகும். வேகம் குறைந்ததும் கனமானதை முதலில் இறக்கும், பிறகு அடுத்ததை. வேகம் பாதியானால் அந்தத் தண்ணீரின் உந்துசக்தி பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். மண் சுமக்கும் திறன் அதைவிடவும் வேகமாகச் சரியும். ஆகவே வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிற எதுவும் வண்டலை நிறையவே இறக்கவைக்கும்.

அதற்காக வேகம் அதிகமாக இருப்பதும் நல்லதில்லை. அடியையும் கரையையும் அரித்துவிடும். பஞ்சாப் கால்வாய்களில் வேலை பார்த்த கென்னடி என்ற பொறியாளர் 1895-லேயே, மண் படியவும் படியாத, அரிக்கவும் அரிக்காத ஒரு நடுவேகம் ஒவ்வொரு ஆழத்துக்கும் உண்டு என்று அளந்து சொன்னார். அந்த நடுவேகத்தைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் வாய்க்கால் பராமரிப்பு. செடிகள் அதை இரண்டு பக்கமும் கெடுக்கும், இரண்டு பக்கமும் காப்பாற்றும்.

படுகைக்குள் நிற்கும் செடி

வாய்க்காலின் சொரசொரப்பைப் பொறியாளர்கள் ஒரு எண்ணால் குறிப்பார்கள். மானிங் எண் என்று பெயர். சுத்தமான மண் வாய்க்காலுக்குச் சுமார் 0.022. குட்டையான புல் கொஞ்சம் இருந்தால் 0.027. அடி சுத்தமாக இருந்து பக்கவாட்டில் புதர் இருந்தால் 0.05. தண்ணீர் உயரத்துக்குக் களை மண்டிவிட்டால் 0.08. அதே ஆழம், அதே சரிவு என்றால், எண் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு வேகம் குறையும். 0.022 என்பது 0.08 ஆகும்போது தண்ணீர் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வாய்க்கால் அளவு மாறவில்லை, திறந்தது மாறவில்லை, வந்து சேர்வது மட்டும் இப்படி ஆகிவிடுகிறது.

இதில் கடைமடைக்கு இன்னொரு அடியும் உண்டு. நடுவில் களை தண்ணீரைத் தேக்கினால், அதற்கு மேலே தண்ணீர் மட்டம் உயரும். மட்டம் உயர்ந்தால் மேலே உள்ள மதகுகளில் தானாகவே கூடுதல் தண்ணீர் பாயும். யாரும் திருடவில்லை, யாரும் மதகைக் கூடுதலாகத் தூக்கவில்லை. களைதான் நம்ம பங்கை மேலேயே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. மேல்மடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நம்ம பக்கத்தில் இந்த வேலையைச் செய்வதில் முதலிடம் நெய்வேலிக் காட்டாமணக்குக்கு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஆடு மாடு தின்னாது, தின்றால் கெடுதல். தண்டை ஒடித்துக் கரையில் போட்டால் அந்தத் துண்டே வேர்விட்டு நிற்கும். தண்ணீரில் போட்டால் மிதந்துபோய் அடுத்த ஊரில் முளைக்கும். இதன் விறைப்பான தண்டுகளில் ஆகாயத்தாமரை, வைக்கோல், பிளாஸ்டிக் பை எல்லாம் சிக்கி ஒரு குட்டி அணையே கட்டிவிடும். அந்த அணைக்குப் பின்னால் வேகம் செத்து வண்டல் இறங்கும். வண்டல்மேல் சம்பு முளைக்கும். சம்பு இன்னும் வண்டலைப் பிடிக்கும். ரெண்டே வருசத்தில் நடு வாய்க்காலில் ஒரு திட்டு எழும்பிவிடும்.

திட்டு எழும்பினால் தண்ணீர் சும்மா நிற்குமா? ஒதுங்கிப் போய் எதிர்க்கரையை முட்டும். ஒரு பக்கம் மேடு, எதிர்ப் பக்கம் அரிப்பு. உடைப்பு எடுக்கும் இடத்தில் கரையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு எதிரே, கொஞ்சம் மேலே, ஒரு புதர்த் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் இருக்கும்.

சீமைக்கருவேலும் இதே மாதிரிதான். ஏரி வரத்து வாய்க்காலிலும் காட்டாற்றுப் படுகையிலும் பல கிளைகளோடு முள் வேலியாக நிற்கும். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடங்களில் மறுபடி துளிர்த்துவிட்டது.

கரையில் நிற்கும் செடி

இதே செடிகொடி படுகையை விட்டுக் கரைக்கு வந்தால் கதை மாறுகிறது.

நாணலைப் பாருங்கள். வெள்ளம் வந்தால் வளைந்து கரைமேல் படுத்துவிடும். தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டுக்கூரையில் மழை வழிவது மாதிரி. மண்ணைத் தண்ணீர் நேராகத் தொடுவதே இல்லை. வெள்ளம் வடிந்ததும் எழுந்து நிற்கும். விறைப்பான செடி தண்ணீரை எதிர்த்து நின்று சுழல் உண்டாக்கும். வளைகிற செடி கரைக்குப் போர்வையாகும்.

மண்ணுக்குள்ளே வேர் செய்வது வேறு வேலை. கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படியோ அப்படிச் சல்லிவேர்கள் மண்ணைப் பின்னிப் பிடிக்கின்றன. வெட்டிவேர் நல்ல மண்ணில் பத்தடி ஆழம் வரை நேராக இறங்கும், பக்கவாட்டில் பரவி வயலைத் தொந்தரவு செய்யாது. மரங்களின் தடித்த வேர் கரையின் உள்மண்ணோடு மேல்மண்ணைத் தைத்துவைக்கும்.

நமக்கு இதில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. முறைப்பாசனத்தில் வாய்க்காலைத் திடீரென்று அடைக்கிறார்கள். தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும்போது, ஊறிய கரை மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும், வெளியே தாங்குவதற்குத் தண்ணீர் இருக்காது. அப்போதுதான் கரை பொத்தென்று சரிகிறது. வேர் பின்னிய கரை அந்த நேரத்தில் தாங்கும், மொட்டைக் கரை தாங்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, அதற்கு மேலே இருந்து காவிரி கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கீழே பவானி, நொய்யல், அமராவதி சேர்க்கிற மண் உண்டுதான். ஆனாலும் கடைமடைக் கிளை வாய்க்காலில் வருசா வருசம் நாம் வாரிப்போடுகிற சேற்றில் நல்ல பங்கு நம்ம கரையிலிருந்தே சரிந்தது. மேலே சொன்ன பாட்டில் சோதனையில் உங்கள் கரை மண்ணையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறமும் அடுக்கும் ஒன்றாக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

வயலை வெறுமையாக விடக்கூடாது, மூடாக்கு போடுங்கள் என்று நாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த நியாயம் கரைக்கும் பொருந்தும்தானே?

மரத்தால் இன்னொரு லாபம், நிழல். ஆகாயத்தாமரை, சம்பு எல்லாம் வெயில் விரும்பிகள். வாய்க்கால்மேல் நிழல் விழுந்தால் அவற்றின் வேகம் மட்டுப்படும். மேற்கிலிருந்து கிழக்கே போகும் வாய்க்கால் என்றால் தென்கரையில் மரம் இருக்கட்டும். சம்பா பருவம் முழுக்க சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் தண்ணீர்மேல் விழும். கிளை, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் ஓட்டத்துக்கு அது தடையே இல்லை. எந்த மருந்தும் அடிக்காமல் களையைக் கட்டுப்படுத்தும் வழி இது.

மரத்தின் மேல் உள்ள புகார்

ஆற்றங்கரை மரம் நிலைக்காது என்று ஔவையார் நல்வழியிலேயே சொல்லியிருக்கிறார். பொறியாளர்களும் கரையில் மரம் கூடாது என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கினால் குழாய் மாதிரி ஓட்டை விழும், அதன் வழியே தண்ணீர் கசிந்து கரையை உடைக்கும். காற்றில் மரம் சாய்ந்தால் வேர்மண்ணோடு கரையையும் பிடுங்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா நம்ம தென்னையைச் சாய்த்தபோது மரம் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

இந்த வாக்குவாதம் நம்ம ஊரில் மட்டும் இல்லை. 2005-ல் கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, வெள்ளத் தடுப்புக் கரைகளிலும் அவற்றை ஒட்டிய 15 அடிக்குள்ளும் மரம் கூடாது என்றது. எங்கள் ஆற்றோர மரங்கள் கரையைக் காக்கின்றன என்று கலிபோர்னியாக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். 2014-ல் அந்த நாட்டு நாடாளுமன்றமே இந்த விதியை மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஏரிக்கரை, உயரமாகக் கட்டிய கரை இவற்றின் தண்ணீர்ப் பக்கச் சரிவிலும் உச்சியிலும் பெரிய மரம் வேண்டாம். புல்லும் வெட்டிவேரும் போதும். மரம் வெளிப்பக்க அடிவாரத்தைத் தாண்டி நிற்கட்டும். தரைமட்டத்தில் வெட்டிய ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் அந்தப் பயம் குறைவு. அங்கே மேல் விளிம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி மரம் வைக்கலாம். அடிமண் அரிபட்டு வேர் வெளியே தொங்கும்போதுதான் மரம் விழுகிறது. விளிம்பில் புல் இருந்தால் அடிமண் அரிபடாது. புல்லும் மரமும் ஒன்றுக்கொன்று துணை.

காட்டாறு வேறு, வாய்க்கால் வேறு

அக்னியாறு, அம்புலியாறு மாதிரிக் காட்டாறுகள் வருசத்தில் சில வாரமே ஓடும். ஓடும்போது ஒரே மூச்சில் மணலோடு வரும். இங்கே ஓரத்தில் நாணலும் தாழையும் அகலமாகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வெள்ளத்தின் வேகத்தைக் கரையோரம் தணித்து, மணலை ஓரத்தில் நிறுத்தி, கரையைத் தாங்களே வளர்த்துக்கொள்ளும். நடுப்படுகையில் சீமைக்கருவேல் மட்டும் கூடாது.

ஆறடி அகலக் கிளை வாய்க்காலில் அதே நாணலை விட்டால், இந்தப் பக்கம் ரெண்டடி, அந்தப் பக்கம் ரெண்டடி, தண்ணீருக்கு மிச்சம் ரெண்டடி! அங்கே அருகம்புல்தான் சரி. வாய்க்கால் சின்னதாகச் சின்னதாகச் செடியும் குட்டையாக இருக்க வேண்டும்.

கடல் சேரும் இடத்தில் கதை தலைகீழ். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் மூச்சுவேர்கள் ஈட்டி மாதிரி நிற்கின்றன. அவை தண்ணீரை மந்தப்படுத்தி வண்டலை இறக்கவைப்பதுதான் அங்கே நமக்கு வேண்டியது. அந்த வண்டலில் காடு வளரும், காடு அலையைத் தடுக்கும். வாய்க்காலில் கெடுதல் செய்யும் அதே வேலை கழிமுகத்தில் காவலாகிறது.

2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய கல்லணைக் கால்வாய்ச் சீரமைப்பில் கான்கிரீட் போடும் வேலை பற்றியும் கேட்கிறார்கள். கான்கிரீட்டின் சொரசொரப்பு எண் சுமார் 0.013. தண்ணீர் வேகமாக வரும், உண்மை. நிலத்தடியில் இறங்கும் தண்ணீர் குறையும், அதுவும் உண்மை. ஆனால் கிளை வாய்க்கால்கள் எல்லாவற்றுக்கும் கான்கிரீட் வரப்போவதில்லை. அந்த மண் கரைகளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

தூர்வாரும் முன்: மாசி, பங்குனியில் நாலு பேர் சேர்ந்து வாய்க்காலை நடந்து பாருங்கள். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சுண்ணாம்பால் குறியிடுங்கள். இயந்திரம் ஓட்டுகிற தம்பிக்கு யாராவது சொன்னால்தானே தெரியும். பாசன சங்கம் மூலமாக, படுகையை வாருங்கள், கரைப் புல்லை விடுங்கள் என்று நீர்வளத் துறைப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கும் ஊரில் இது இன்னும் சுலபம்.

வாரும்போது: ஒரு கரையில் மட்டும் இயந்திரம் போகட்டும். மரம் இருக்கும் கரையைத் தொட வேண்டாம். வாரிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் தள்ளிப் போடச் சொல்லுங்கள். வண்டலாக இருந்தால் முறைப்படி கேட்டு வயலுக்கும் தென்னைக்கும் கொண்டுபோங்கள்.

காட்டாமணக்கு: தண்ணீர் வரும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். தண்டைக் கரையில் போடாமல் தள்ளிக் குவித்து, நன்றாகக் காயவிடுங்கள். இலையை உருவி நடவு வயலில் தழையுரமாக மிதிக்கலாம், ஆடு மாடு தின்னாத இலை என்பதால் பூச்சிவிரட்டிக் கரைசலிலும் சேர்க்கலாம். சரிவில் நிற்கும் சீமைக்கருவேலை ஒரே நாளில் தோண்டாதீர்கள், கரை இளகிவிடும். பக்கத்தில் வேறு செடி பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

வாரியபின்: புது மண் ஈரமாக இருக்கும்போதே அருகம்புல் வேரைப் பிய்த்துப் பதியுங்கள். சரிவில் வாய்க்காலுக்கு இணையாக அரை அடிக்கு ஒரு வெட்டிவேர் நாற்று. அதற்கு வெயில் வேண்டும், ஆகவே மர நிழலுக்கு எதிர்க்கரையில் வையுங்கள். அகலமான வாய்க்காலின் மேல்சரிவில் நொச்சிக் குச்சி. விளிம்பைத் தாண்டி பூவரசம் போத்து, புங்கன், நாவல், பனை. ஆறு மாதிரி அகலமான இடத்தில் நீர்மருது. மருத நிலம் என்று நம்ம மண்ணுக்கே பெயர் கொடுத்த மரம், திருவிடைமருதூரின் தலமரம். அதை நம்ம கரையில் தேட வேண்டியிருக்கிறது! கரை புறம்போக்கு அரசு நிலம் என்பதால் மரம் வைக்குமுன் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

வருசத்துக்கு ஒருமுறை: புல் உயர்ந்தால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். தண்ணீருக்குள் சாய்ந்த கிளையைக் கழித்துவிடுங்கள். பராமரிக்காத பசுமை கொஞ்ச நாளில் புதராகி, மறுபடி இயந்திரத்தைக் கூப்பிடவைக்கும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள், 2019-ல் கஜாவின் காயம் ஆறுமுன்னே இந்தப் பகுதி விவசாயிகளும் இளைஞர்களும் சேர்ந்து பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரியதை நினைத்துப் பாருங்கள். குளத்தையே மீட்ட ஊருக்கு வாய்க்கால் கரையில் புல் வைப்பது பெரிய வேலை இல்லை.

இந்த வருசம் எங்கள் கிளை வாய்க்காலில் நூறு அடி நீளத்துக்கு மட்டும் அருகம்புல்லும் வெட்டிவேரும் பதித்திருக்கிறோம். மிச்சம் முழுக்க மொட்டைதான். ஐப்பசி மழை ரெண்டின் மேலும் ஒன்றாகத்தான் பெய்யும். கார்த்திகையில் எந்த இடத்தில் எவ்வளவு சேறு என்று குச்சி வைத்து அளக்கப்போகிறோம். நீங்களும் உங்கள் ஊரில் நூறு அடி வைத்து அளந்து பாருங்கள். பெரியப்பா அளவுகோலைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.